கடமைதானேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடாதீங்க

பொங்கலுக்கு ஊருக்கு வந்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன், எனக்கு மகன் முறை வேணும், சென்னையில் நல்ல வேலை. எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே சொன்னான்: "பெத்தவங்களைப் பார்க்கிறது நம்ம கடமைதானே சித்தப்பா. அதுக்கெல்லாம் போய் கவர்மெண்டுகிட்ட கையேந்தலாமா?"

சொல்லிட்டு மூணு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அவங்க அம்மா அடுத்த தெருவில் ரெண்டு வருசமா படுத்த படுக்கை. பார்க்கிறது அவன் தம்பி பொண்டாட்டி. கடமை இவனோடது, கை அந்தப் பிள்ளையோடது.

அன்னைக்கே எழுதணும்னு நினைச்சேன். கோபத்தில் எழுதினா வார்த்தை தடிச்சுடும்னு விட்டுட்டேன். இப்ப களையெடுப்பெல்லாம் முடிஞ்சு கொஞ்சம் ஓய்வு. கோபம் மட்டும் குறையலை.

எங்க அம்மா போய்ச் சேர்ந்து வர்ற ஆடியோட ரெண்டு வருசம். அதுக்கு முன்னாடி நாலு வருசம் படுக்கையில் கிடந்தாங்க. எண்பத்தோரு வயசில் ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சவங்க வாசப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சது. காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் இலவசமா நடந்தது. டாக்டர்களை ஒரு குறை சொல்ல மாட்டேன். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அனுப்பும்போது மாத்திரைச் சீட்டைக் கொடுத்தாங்க. "நல்லா பார்த்துக்கோங்க"ன்னு சொன்னாங்க. எப்படிப் பார்த்துக்கணும்னு யாரும் சொல்லலை.

அம்மா அதுக்கப்புறம் நடக்கவே இல்லை. அடுத்த வருசம் ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களைப் பார்க்கிறதுன்னா என்னன்னு டவுன்ல இருக்கிற நிறைய பேருக்குத் தெரியாது. தலைமாட்டில் உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டு பேசிக்கிட்டிருக்கிறதுன்னு நினைக்கிறாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியிலேயும்தான். விட்டா முதுகிலேயும் இடுப்பிலேயும் புண் விழுந்துடும். எங்களுக்கு இது தெரிஞ்சது புண் விழுந்த பிறகுதான். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை துணி மாத்தணும். கடையில் விக்கிற பேம்பர்ஸ் நமக்குக் கட்டுப்படியாகாது, பழைய வேட்டி சேலையைக் கிழிச்சு வச்சுக்கிட்டோம். அலசிக் காயப்போட்ட துணி எங்க வீட்டுக் கொடியில் நாலு வருசம் ஓயலை. கஞ்சியைக் கரண்டி கரண்டியா, தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊட்டணும். அவசரப்பட்டா புரையேறிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இதையெல்லாம் நான் செஞ்சேன்னு சொன்னா அது பொய். தூக்குறதுக்கு, புரட்டுறதுக்கு கூட ஒரு கை கொடுத்தேன். செஞ்சது என் வீட்டுக்காரி. பெத்த மகன் நான் இருக்க, மருமகள்தான் மலம் அள்ளினா. அதைச் சொல்றதில் எனக்கு வெட்கம்தான். ஆனா ஊர் என்னைத்தான் "அம்மாவை நல்லா வச்சுப் பார்த்தான்"னு பாராட்டுச்சு.

எங்க ஊர்ல களையெடுக்க, பருத்தி எடுக்கப் போனா ஒரு நாளைக்கு 300 ரூபாய் கூலி. அவ வருசத்துக்கு 120 நாள் போவான்னு குறைச்சு வச்சுக்கிட்டாலும் 36,000 ரூபாய். நாலு வருசத்துக்கு 1,44,000. நூறு நாள் வேலை சேர்க்காம இந்தக் கணக்கு. எங்களுக்கு இருக்கிறது ரெண்டு ஏக்கர் மானாவாரி. மழை பெஞ்சாத்தான் குதிரைவாலியும் உளுந்தும். அந்த வீட்டில் இவ்வளவு பணம் போயிருக்கு. யாரும் பிடுங்கிட்டுப் போகலை, சத்தமில்லாம வராமலே போயிடுச்சு. அதனால் அது கணக்கில் வராது.

பணம்கூடப் போகட்டும். ரெண்டாம் வருசம் அவளுக்கு அடிவயித்தில் தொந்தரவு. டாக்டரம்மா பார்த்துட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணணும், பண்ணிட்டு குறைஞ்சது ரெண்டு மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. பாரம்னா என்ன, தண்ணிக் குடமா? அவளுக்குப் பாரம் எங்க அம்மாதான்.

அந்த ரெண்டு மாசத்துக்கு அம்மாவை யாராவது பார்த்துக்குவாங்களான்னு நான் அலைஞ்சேன். ஒரு முதியோர் இல்லத்தில், எந்திரிச்சு நடமாடுறவங்களை மட்டும்தான் எடுப்போம்னாங்க. டவுன்ல ஒரு தனியார் இடத்தில் மாசம் 20,000, முன்பணம் தனி. வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 800 ரூபாய், சாப்பாடு, தங்க தனி ரூம். எங்க வீட்டில் இருக்கிறதே ஒரு ரூம். ஆஸ்பத்திரியில் கேட்டா, "இவங்களுக்கு இப்ப வைத்தியம் எதுவும் இல்லையே, எதுக்கு பெட்டு?"ன்னு கேட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான். வைத்தியம் தேவைப்பட்டது என் வீட்டுக்காரிக்கு. ஆனா அவளுக்குக் கட்டில் கிடைக்கணும்னா அம்மாவுக்கு ஒரு கட்டில் வேணும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு ஆபீஸும் இல்லை.

எங்க அக்கா பதினஞ்சு நாள் வந்து இருக்கேன்னுச்சு. அதுக்கும் பேரப்பிள்ளை, மாடு கன்னு. பதினஞ்சு நாளை வச்சு என்ன பண்ண? கடைசியில் ஆபரேஷன் நடந்தது அம்மாவுக்குக் காரியம் முடிஞ்ச பிறகு. ரெண்டு வருசம் வலியோட, துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு, அம்மாவைத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தா.

இப்ப சொல்லுங்க, இது கடமையா, தண்டனையா?

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா நான் நன்றி கெட்டவன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. எங்க ஊர்ல அந்த வேலையைப் பார்க்கிற பொண்ணு தங்கமான பொண்ணு. அது சொல்லித்தான் வலி நிவாரண நர்ஸம்மாவும் ஒரு நாள் வந்தாங்க. பெட்ஷீட்டை மடிச்சு அடியில் போட்டு, ஆளைத் தூக்காம துணியோட இழுத்துப் புரட்டுறது எப்படின்னு அவங்கதான் சொல்லிக் கொடுத்தாங்க. என் வீட்டுக்காரி இடுப்பு ஓரளவு மிஞ்சினது அந்த அரை மணி நேரப் பாடத்தால்தான். ஆனா அந்த நர்ஸ், உடற்பயிற்சி சொல்லித் தர்றவங்க எல்லாம் ஒன்றியத்துக்கு ஒருத்தர் கணக்கு. ஒரு ஒன்றியத்தில் எத்தனை ஊர் இருக்கு, எத்தனை கட்டில் இருக்கு? அவங்க மறுபடி எங்க வீட்டுக்கு வர்றதுக்கு மாசக்கணக்கு ஆச்சு. அது அவங்க தப்பில்லை.

முதியோர் பென்சன் இப்ப மாசம் 1,200 ரூபாய். அம்மாவுக்கு எழுதிப் போடலாம்னு போனப்ப ஒரு ஆபீஸில் கேட்ட கேள்வி இது: "மகன் வச்சுப் பார்க்கிறீங்கள்ல, அப்புறம் எப்படி இவங்க ஆதரவற்றவங்க ஆவாங்க?" யோசிச்சுப் பாருங்க. அம்மாவை நான் தெருவில் விட்டிருந்தா அவங்க தகுதியான ஆள். வீட்டில் வச்சுக் கஞ்சி ஊத்தினதால் தகுதி போச்சு.

2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைங்க சோறு போடலைன்னா ஆர்.டி.ஓ. கிட்ட மனு கொடுக்கலாம், மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் வாங்கலாம். கைவிட்டுட்டுப் போனா மூணு மாசம் வரை ஜெயில், இல்லை 5,000 வரை அபராதம், இல்லை ரெண்டும். நல்ல சட்டம்தான், வேணும். ஆனா அது கைவிட்டவனைப் பிடிக்கிற சட்டம். கைவிடாம பார்க்கிறவங்களுக்கு அதில் ஒரு வரி ஆறுதல்கூட இல்லை.

2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயசு தாண்டின எல்லாருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடுன்னு சொன்னாங்க. அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான். வீட்டுக் கட்டிலுக்குக் கிடையாது. 2025-26 மாநில பட்ஜெட்டில் 25 அன்புச்சோலை மையத்துக்கு 10 கோடி ஒதுக்கினாங்க. பெரியவங்க பகல் பூரா வந்து இருக்கலாம், நாலு பேரோட பேசலாம். நல்லது. ஆனா அங்க போக கால் வேணும். கொண்டுபோய் விட ஆளும், பக்கத்தில் மாநகரமும் வேணும்.

எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க. மாத்திரைக்குத் திட்டம் இருக்கு, ஆபரேஷனுக்கு இருக்கு, கைவிட்ட மகனுக்குச் சட்டம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மாமியாரைப் புரட்டிப் போடுறாளே, அவளுக்கு என்ன இருக்கு?

2023 செப்டம்பரில் மகளிருக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பிச்சப்ப, உதவித் தொகைன்னு சொல்லாம உரிமைத் தொகைன்னு பேர் வச்சாங்க. வீட்டில் பொம்பளைங்க செய்யிற வேலைக்கு மதிப்பு உண்டுன்னு அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. எனக்கு அந்தப் பேர் பிடிச்சிருந்தது. அந்த மதிப்பை ஒரு படி மேல கொண்டு போங்கன்னுதான் கேட்கிறேன்.

நடக்காத காரியம்னு சொல்வீங்க. ராஜபாளையம், செங்கோட்டைப் பக்கம் மலையைத் தாண்டினா கேரளா. அங்க 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் வலி நிவாரண சிகிச்சைக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. மலப்புரம் பக்கம் ஊர் மக்களே தொண்டர்களா சேர்ந்து, அக்கம்பக்கத்தில் படுக்கையில் கிடக்கிறவங்களைப் போய்ப் பார்க்க ஆரம்பிச்சாங்க. 2008-ல் அந்த அரசு இதுக்குன்னே ஒரு கொள்கை கொண்டு வந்தது. பஞ்சாயத்து பணத்தில் நர்ஸ் வீட்டுக்கு வர்றது அங்க பழகின காட்சி. அதோட ஆஸ்வாசகிரணம்னு ஒரு திட்டம், படுக்கையில் கிடக்கிறவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்கு மாசம் 600 ரூபாய். கவனிங்க, நோயாளிக்கு இல்லை, பார்த்துக்கிறவங்களுக்கு. 600 பெரிய பணம் இல்லை, மாசக்கணக்கில் பாக்கி விழுதுன்னு அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனா இப்படி ஒரு ஆள் இருக்காங்கன்னு அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருக்கு. நம்ம பக்கம் அந்த ஆள் எந்தக் காகிதத்திலேயும் இல்லை.

இன்னொண்ணு சொல்வீங்க. கவர்மெண்ட் ஆள் அனுப்பினா பிள்ளைங்க பொறுப்பைக் கை கழுவிடுவாங்க, நம்ம பண்பாடு என்ன ஆகுறதுன்னு. ஐயா, பால்வாடி வந்து எத்தனை வருசம் ஆச்சு? 1975-ல் இருந்து நாட்டில் அங்கன்வாடி இருக்கு. அங்க பிள்ளையை விட்டுட்டு எந்தத் தாயாவது ஓடிப் போயிட்டாளா? காட்டு வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்து தூக்கிட்டுத்தானே போறா. பிள்ளைக்குப் பகல்ல ஒரு ஆள் பார்த்துக்கிட்டா பண்பாடு கெடலை, கிழவிக்குப் பார்த்துக்கிட்டா மட்டும் கெட்டுடுமா? வாரத்தில் ஒரு நாள் மாத்து ஆள் வந்தாலும் மிச்சம் ஆறு நாள் அவதான பார்க்கப் போறா.

இப்ப ஒரு கசப்பான விஷயம். எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்.

எங்க விருதுநகர் மாவட்டத்தை இந்த தலைக்கூத்தல் விஷயத்தில் பத்திரிகை, டிவி எல்லாம் நாறடிச்சது உங்களுக்குத் தெரியும். மூணாம் வருசம் ஒரு பெரியவர் எங்க வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்தார். வெளியே வந்து என் தோளில் கை வச்சு, "நல்லநாள் பார்த்து குளிப்பாட்டி விட்டுருங்கப்பா. அவளும் கஷ்டப்படுறா, உன் பொண்டாட்டியும் கஷ்டப்படுறா"ன்னார். எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும். நான் அவரைத் திட்டி அனுப்பிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அம்மா முனகிக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்காரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுவரில் சாஞ்சிருந்தா. அவர் சொன்னதை நான் ஒரு தடவை யோசிச்சேன். ஒரே ஒரு தடவை. அதை எழுதும்போது இப்பவும் கை கூசுது.

நான் நியாயப்படுத்தலை. அது கொலை. அதில் மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா அந்த நினைப்பு எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அது கல் மனசில் இருந்து மட்டும் வர்றதில்லை. ஆயிரம் ராத்திரி தூக்கமில்லாத வீட்டில் இருந்தும் வருது. "அய்யோ, கிராமத்தான் காட்டுமிராண்டி"ன்னு செய்தி படிச்சுட்டு அடுத்த பக்கம் புரட்டுறீங்களே, அந்த வீட்டுக்கு மாசத்தில் நாலு நாள் ஒரு ஆள் வந்து போயிருந்தா, அந்தப் பேச்சு அங்க எடுபட்டிருக்குமா? சில வீட்டிலேயாவது எடுபட்டிருக்காதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

நான் கேட்கிறது கோட்டை கொத்தளம் இல்லை.

ஒண்ணு, மாத்து ஆள். வாரத்தில் ஒரு நாள், காலையில் இருந்து சாயங்காலம் வரை. மகளிர் குழுவில் இருக்கிற பொம்பளைங்களுக்கே ஒரு மாசப் பயிற்சி கொடுத்து, ஒழுங்கான கூலி கொடுத்து அனுப்பலாம். மாத்திரை கொண்டு வர்ற பொண்ணுங்களை குழுக்களில் இருந்துதானே எடுத்தாங்க. ஆனா அதே பொண்ணு தலையில் இதையும் கட்டாதீங்க, அதுக்கு இருக்கிற வேலையே போதும்.

ரெண்டு, தாலுகா ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டில். பார்த்துக்கிறவங்களுக்கு ஆபரேஷன்னா, பிரசவம்னா, அவங்க பெத்தவங்க வீட்டில் சாவுன்னா, பெரியவங்களைக் கொஞ்ச நாள் அங்க வச்சுப் பார்க்கணும். எங்களுக்கு இது ஒண்ணு இருந்திருந்தா என் வீட்டுக்காரி ரெண்டு வருசம் வலியைச் சுமந்திருக்க மாட்டா.

மூணு, பஞ்சாயத்து ஆபீஸில் சாமான். காத்துப் படுக்கை, சக்கர நாற்காலி, கழிப்பறை நாற்காலி. தேவைப்படுறவங்க எடுத்துட்டுப் போய் பயன்படுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். நாங்க கடன் வாங்கி வாங்கின காத்துப் படுக்கை அம்மாவுக்கு அப்புறம் ரெண்டு வீட்டுக்குப் போய் வந்துடுச்சு. ஒரு குடும்பம் தனியா செய்யிறதை பஞ்சாயத்து செய்ய முடியாதா?

நாலு, பார்த்துக்கிறவங்க பேரில், அவங்க கணக்கில் ஒரு தொகை. மகன் பேரில் வேண்டாம், என்னை மாதிரி ஆம்பளைங்க பேரில் வேண்டாம். யாரு துணி அலசுறாங்களோ அவங்க பேரில். யாருன்னு ஊரைக் கேட்டா ஊர் சொல்லும்.

பணம் எங்கேன்னு கேட்காதீங்க. மனசு வச்சா அரசாங்கம் வீட்டு வாசலுக்கு வரும்னு நாம பார்த்துட்டோம். 2021-ல் மாத்திரை வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம்னு ரேஷன் அரிசியும் பெரியவங்க இருக்கிற வாசலுக்கு வந்தது. அரிசி மூட்டை வர்ற வழியில் ரெண்டு கையும் வரலாம்.

இது எங்க ஊர்ப் பிரச்சினை மட்டும்னு நினைக்காதீங்க. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூத்துக்குப் பத்துப் பேர் 60 தாண்டினவங்க. 2021-க்கு அரசாங்கம் போட்ட உத்தேசக் கணக்கில் அது பதிமூணைத் தாண்டிடுச்சு. வீட்டுக்கு ரெண்டு பிள்ளைகூட இல்லாத காலம் இது. அந்த ஒண்ணும் பெங்களூரில் இருக்கும், இல்லை துபாயில் இருக்கும். எங்களுக்கு ஒரே பையன், கோயம்புத்தூரில் மில் வேலை. நாளைக்கு நான் விழுந்தா, ஆபரேஷன் ஆன அதே வயித்தோட அவதான் என்னைத் தூக்கணும். அவ விழுந்தா நான் தூக்குவேன்னு சொல்றேன். இதுவரைக்கும் நான் தூக்கின லட்சணம் அவளுக்குத் தெரியும்.

போன காந்தி ஜெயந்தி கிராமசபையில் இதைத் தீர்மானமா போடச் சொல்லி எந்திரிச்சுப் பேசினேன். தெருவிளக்கு, குடிதண்ணி பேசிக்கிட்டிருந்தவங்க சிரிச்சாங்க. ஒருத்தர், "கிழவிக்குப் பீ அள்ள கவர்மெண்ட் ஆள் வேணுமாக்கும்"னார். ஆம்பளைங்க எல்லாரும் சிரிச்சாங்க. பின்னாடி உட்கார்ந்திருந்த பொம்பளைங்க ஒருத்தரும் சிரிக்கலை. அதை நான் பார்த்தேன். வர்ற கிராமசபையில் மறுபடியும் பேசுவேன். இந்தத் தடவை அவங்களையும் எந்திரிச்சுப் பேசச் சொல்லியிருக்கேன்.

டவுன்ல இருந்து படிக்கிற உங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேட்கிறேன். உங்க அம்மாவையோ அப்பாவையோ ஊர்ல யாராவது பார்த்துக்கிட்டிருந்தா, அடுத்த லீவுக்கு வரும்போது பழம், ஹார்லிக்ஸ் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம். ஒரு வாரம் லீவு போட்டுட்டு வாங்க. உங்க மதினியை, தம்பி பொண்டாட்டியை, அக்காவை அவங்க பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைங்க. அந்த ஏழு நாள் துணியை நீங்க அலசுங்க. அதுக்கப்புறமும் "இது கடமைதானே, கவர்மெண்ட் எதுக்கு"ன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என்கிட்ட வந்து சொல்லுங்க. திண்ணையில் உட்கார வச்சு டீ போட்டுத் தர்றேன், பேசுவோம்.